முள்ளம்பன்றி, காட்டுப்பன்றி, துப்பாக்கி: தோட்டத் தொழிலாளர் அறிய வேண்டியவை

மறுநடவு செய்த நிலத்தில் ரப்பர்க் கன்றொன்று வாடி நின்றால் நமக்கு முதலில் வேர்நோயின் நினைவுதான் வரும். வெண்வேர் நோய் நம் தோட்டங்களில் பழைய பகைவன் ஆதலால் அப்படி நினைப்பதில் தவறில்லை. ஆயினும் குனிந்து கன்றின் அடியைப் பார்க்காமல் முடிவுக்கு வருதல் கூடாது. தரையிலிருந்து ஒரு முழ உயரத்துக்குள் பட்டை சுரண்டப்பட்டு, வெள்ளை மரம் வெளியே தெரிந்து, அதில் உளியால் செதுக்கியதுபோல் அகன்ற இரட்டைக் கோடுகள் காணப்பட்டால், அது நோயின் வேலையன்று. இரவில் வந்து போன முள்ளம்பன்றியின் வேலை.

நெகிரி செம்பிலானில் காட்டை ஒட்டியுள்ள தோட்டங்களில் வேலை செய்வோர் இவ்விலங்கை நேரில் கண்டிருப்பது அரிது. அது பகலில் வளைக்குள் உறங்கிவிடும். இரவில்தான் இரை தேடும். ஜெலுபு, கோலப்பிலா, ஜெம்போல் மாவட்டங்களின் மலைச்சரிவுத் தோட்டங்களில் அதன் முள்ளை மட்டும் பொறுக்கி வந்து லயத்துப் பிள்ளைகள் விளையாடுவதுண்டு. மலாய் மொழியில் இதனை லண்டாக் என்பர். முள்ளை அம்புபோல் எய்யும் என்று நம்மிடையே ஒரு பேச்சு உண்டு. அது உண்மையன்று. முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு, முதுகைக் காட்டிப் பின்னோக்கிப் பாய்ந்து மோதும். தைத்த முள் எளிதில் கழன்று எதிரியின் உடலிலேயே தங்கிவிடும். அதைக் கண்டவர்தாம் எய்தது என்று சொல்லி வைத்தனர் போலும்.

பட்டையின் மதிப்பு

முள்ளம்பன்றி நூறு மரத்தையும் தின்றுவிடுவதில்லையே, ஒரு பிடி பட்டையைத்தானே கடிக்கிறது, இதற்கு ஏன் இத்தனை கவலை என்று சிலர் கேட்கக்கூடும். பால் வெட்டும் நமக்கு இதன் விடை கைப்பழக்கமாகவே தெரியும். இலையில் உண்டாகும் உணவு பட்டையின் வழியேதான் கீழிறங்கி வேரை அடைகிறது. பால் ஓடும் குழாய்களும் பட்டையில்தான் உள்ளன. பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே மெல்லிய வளர்படலம் ஒன்று இருக்கிறது; புதுப்பட்டையை உண்டாக்குவது அதுவே. ஆகவேதான் வெட்டுக்கத்தி அப்படலத்தைத் தொடாமல், ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் அளவு பட்டையை விட்டுவைத்து வெட்ட வேண்டும் என்று நமக்குக் கற்பிக்கின்றனர். முள்ளம்பன்றிக்கு அந்தப் பாடம் இல்லை. அது படலத்தையும் சேர்த்துச் சுரண்டிவிடுகிறது. கடி மரத்தைச் சுற்றி முழு வளையமாக முடிந்துவிட்டால் வேருக்கு உணவு போகாது. மேலே இலை சில வாரம் பச்சையாக இருந்து நம்மை ஏமாற்றும். பிறகு மரம் காய்ந்துபோகும். வளையம் முழுமையாகாமல் நான்கில் ஒரு பங்குப் பட்டையேனும் எஞ்சியிருந்தால் மரம் பிழைக்க வழியுண்டு. ஆனால் அம்மரத்தின் வெட்டுமுகம் வடுவும் முடிச்சுமாக இருந்து, பின்னாளில் கத்திக்கு ஒத்துழைக்காது.

ஒட்டுக்கன்று நட்டு ஐந்து அல்லது ஆறு ஆண்டு கழித்தே பால் வெட்டத் தொடங்குகிறோம். அதன்பின் இருபது ஆண்டுக்கு மேலாகவும் அம்மரம் பால் தரும். இரண்டாம் ஆண்டில் ஒரு கன்று போனால் அந்த இடம் அத்தனை ஆண்டும் வெற்றிடமே; பின்னர் வைக்கும் மாற்றுக்கன்று பக்கத்து மரங்களின் நிழலில் மெலிந்துவிடும். நிரையில் மரம் குறைந்தால் நடக்கும் தொலைவு குறைவதில்லை, மங்கில் சேரும் பால்தான் குறைகிறது. எடைக்கேற்பக் கூலி பெறுவோர்க்கு இது கணக்குப் புத்தகத்துச் செய்தி அன்று. சொந்தச் செய்தியே ஆகும்.

எந்த விலங்கு என்று அறிதல்

சுடுவதா, விரட்டுவதா, வலை கட்டுவதா என்று பேசுமுன் குற்றவாளி யார் என்று தெரிய வேண்டும். பற்குறி குறுகலாகவும், கிளைக்கவை வரை உயரத்திலும் இருந்தால் அது அணில். இளங்குருத்தை ஒடித்துப் போட்டிருந்தால் குரங்கு. நுனி இலைகள் மேயப்பட்டிருந்தால் மான் வகை. மூடுபயிராக விதைத்த கொடிகள் கிளறப்பட்டு, நிலம் ஏர் பூட்டி உழுததுபோல் புரண்டு, கன்று வேரோடு சாய்ந்து கிடந்தால் அது காட்டுப்பன்றி என்பதில் ஐயமில்லை.

மேலே எந்தக் காயமும் இல்லாமல் கன்று திடீரெனச் சாய்ந்தால், அதைப் பிடித்து மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். வேரில்லாமல் கையோடு வந்துவிட்டால் அடியில் மூங்கில் எலி இருக்கிறது. டெக்கான் என்று மலாய்க்காரர் அழைக்கும் இது, பூனை அளவு பருத்த, கண் சிறுத்த, வளையிலேயே வாழும் விலங்கு. மூங்கில் வேரே இதன் முதன்மை உணவு. மூங்கில் புதர் அழிக்கப்பட்ட இடத்தில் மரவள்ளி, கரும்பு, ரப்பர்க் கன்று ஆகியவற்றின் வேருக்குத் திரும்பிவிடும். வளை வாயை மண்ணால் அடைத்துக்கொண்டு உள்ளே இருப்பதால், புதுமண் குவியலே இதன் அடையாளம்.

வட அமெரிக்காவின் பண்ணைகளிலும் இவ்வாறே நிலத்தைத் தோண்டி வாழும் மார்மட் இன விலங்கொன்று உண்டு. சோயாவையும் புல்லையும் தின்பதோடு, அதன் வளையில் மாட்டின் கால் இடறி ஒடிவதும் உழவுப்பொறி கவிழ்வதும் அங்குள்ள உழவருக்குப் பெருந்தொல்லை. அவர்கள் சிறு துளை ரைபிளைக் கொண்டு அதனைச் சுடுகின்றனர். அது பகல் விலங்கு. வெட்டவெளி வயலில் வளைவாயில் நிமிர்ந்து உட்காரும். சுடுபவர் உயரமான இடத்திலிருந்து, குண்டு மண்ணில் புதையும்படி பார்த்துச் சுட முடிகிறது. அந்த வேட்டைமுறையைப் படத்திலோ செய்தியிலோ கண்டு, இங்கும் அவ்வாறே செய்தால் என்ன என்று நம் இளைஞர் சிலர் கேட்பதுண்டு. இங்கே விலங்கு வருவது இரவில். நிலம் மேடும் பள்ளமும். பார்வை நான்கு நிரைக்கு மேல் போகாது. அதற்கும் மேலாக, அந்த வயலில் இல்லாத ஒன்று நம் தீம்பாரில் இருக்கிறது: மனிதர்கள் இருக்கிறார்கள்.

சிறு குண்டு, நெடுந்தொலைவு

‘பாயின்ட் டூ டூ’ எனப்படும் சிறு ரைபிளின் துளை ஏறத்தாழ 5.6 மில்லிமீட்டர். அதன் ஈயக் குண்டு இரண்டரை கிராமுக்குச் சற்றே மிகும். ஓசை குறைவு, உதைப்பு குறைவு. அதனால் இதை விளையாட்டுப் பொருள்போல் எண்ணுவோர் உளர். அந்தக் குண்டு வினாடிக்கு முந்நூறு மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் புறப்படுகிறது. துப்பாக்கியைச் சற்றே மேல்நோக்கிப் பிடித்துச் சுட்டுவிட்டால் ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவிலும் விழக்கூடியது. நம் தோட்டத்தில் ஒன்றரைக் கிலோமீட்டர் என்பது எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள். பெரும்பாலான தோட்டங்களில் காட்டோரத்து நிரையிலிருந்து லயமும் கோயிலும் பள்ளிக்கூடமும் அத்தொலைவுக்குள்ளேயே அடங்கிவிடும். இக்குண்டுக்கு இன்னொரு குணமும் உண்டு. தண்ணீரிலோ கல்லிலோ காய்ந்த கட்டாந்தரையிலோ சாய்வாகப் பட்டால் புதையாமல் தெறித்து, நினையாத திசையில் பாயும். அணிலுக்கும் எலிக்கும் போதுமான இக்குண்டு காட்டுப்பன்றிக்குப் போதாது. பன்றியைச் சாய்க்காமல் காயப்படுத்தி அனுப்பிவிடும். காயம்பட்ட பன்றி அடுத்த நாள் காலை எந்தப் புதரில் படுத்திருக்கும் என்பது யாருக்கும் தெரியாது.

நம் நாட்டில் பயிர்க்காவலுக்கென உரிமம் பெற்றோர் கையில் பெரும்பாலும் காணப்படுவது 12 துளை ரவைத் துப்பாக்கியே. ரைபிளுக்கு உரிமம் கிடைப்பது அரிது. ரவைத் தோட்டா முப்பது, நாற்பது மீட்டருக்குள்தான் நம்பத்தக்க பலன் தரும். அதற்கு மேல் ரவை சிதறிவிடும். சிதறிய ரவை விலங்கைக் கொல்லாது; ஆனால் சில நூறு மீட்டர் தள்ளி நிற்பவரின் கண்ணைக் கெடுக்க வல்லது. பன்றிக்கென இடும் பெருரவைத் தோட்டாவோ இன்னும் தொலைவு செல்லும்.

விடியுமுன் உள்ள ஒரு மணி நேரம்

இக்கட்டுரையை எழுத நம்மைத் தூண்டியது இப்பகுதியே. மரத்தின் பட்டையில் நீரழுத்தம் மிகுந்திருப்பது விடியற்காலையில். வெயில் ஏற ஏறப் பால் ஓட்டம் குறைந்துவிடும். ஆகவே நாம் இருட்டிலேயே பெரட்டு முடித்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் நுழைகிறோம். காட்டுப்பன்றி இரவெல்லாம் மேய்ந்துவிட்டுக் காட்டுக்குத் திரும்புவதும் அதே வேளையில்தான். பன்றியைத் தேடித் துப்பாக்கியோடு வந்தவர், இரவு முழுதும் கிடைக்காத ஏமாற்றத்துடனும் தூக்கக் கலக்கத்துடனும் நிற்பதும் அதே வேளையில்தான். மூவரும் ஒரே நிரையில், ஒரே இருட்டில் இருக்கிறார்கள்.

மானின் கண்ணும் புனுகுப்பூனையின் கண்ணும் விளக்கொளி பட்டால் பளிச்சென்று மின்னும். கண்ணின் பின்புறம் உள்ள ஒளிதெறிக்கும் படலமே இதற்குக் காரணம். பன்றிக்கு அப்படலம் இல்லை. ஆகவே பன்றியைத் தேடுபவர் கண்ணொளியை நம்ப முடிவதில்லை. கருத்த உருவத்தையும் சருகின் ஓசையையும் நம்பிச் சுடுகிறார். அடிவெட்டு மரத்தின் முன் குந்தியிருக்கும் தொழிலாளியின் உருவமும் கருத்த உருவந்தான். மங்கிலிருந்து ஒட்டுப்பால் எடுக்கக் குனிந்து சருகின்மேல் நடக்கும் பெண்ணின் காலடியும் சருகின் ஓசைதான். பன்றி என்று நினைத்து மனிதரைச் சுட்ட செய்தி நம் நாட்டு நாளேடுகளில் பல ஆண்டாக மீண்டும் மீண்டும் வந்துகொண்டிருக்கிறது. சுட்டவர் பல வேளைகளில் கூடவந்த தோழராகவோ உறவினராகவோ இருப்பதையும் அச்செய்திகளில் காண்கிறோம். அயலானைச் சுடுவதற்கு எவரும் காத்திருக்கவில்லை. இருட்டில் அடையாளம் காணாமல் விசையை இழுத்ததே காரணம்.

நெற்றி விளக்கு எரியும்போது மனிதர் என்று தெரியாதா எனலாம். மரத்தின் மறுபுறம் இருப்பவரின் விளக்கு அடிமரத்தால் மறைபடும். கத்தி தீட்டும்போதும், மின்கலம் மாற்றும்போதும் விளக்கை அணைத்துவிடுகிறோம். வேறு சில வேளை, தொலைவில் ஆடும் சிறு விளக்கொளியே விலங்கின் கண்ணென்று பிழைபடத் தோன்றுவதுண்டு.

ஆகையால் தோட்டத்தில் சுடும் ஏற்பாடு இருந்தால், அது முந்திய நாள் பெரட்டுக் களத்திலேயே எல்லோருக்கும் அறிவிக்கப்பட வேண்டும். எந்தப் பிரிவு, எந்த நிரை, எத்தனை மணி வரை, எத்தனை துப்பாக்கி என்பவற்றைச் சொல்ல வேண்டும். அறிவிப்பு இல்லையென்றால் தண்டலிடம் கேட்பதில் நாணம் வேண்டாம். அது நம் உரிமை. பெரட்டு தொடங்குவதற்கு முன்பே துப்பாக்கிகள் காட்டோரத்திலிருந்து வெளியே வந்து, எண்ணிப் பார்க்கப்பட்டு, தோட்டா எடுக்கப்பட்ட பின்னரே தொழிலாளர் நிரைக்குள் நுழைவது என்ற ஒழுங்கைத் தோட்ட நிருவாகம் ஏற்படுத்தினால் பாதிக் கவலை தீர்ந்துவிடும். இன்று பல தோட்டங்களில் நம்மோடு வங்காளதேசத்தவரும் இந்தோனேசியரும் நேப்பாளியரும் வேலை செய்கின்றனர். தமிழில் மட்டும் எழுதிய அறிவிப்பு அவர்களுக்கு எட்டாது. வாய்மொழியாக அவர்களுக்கும் எடுத்துச் சொல்வது பக்கத்து நிரையில் இருப்பவரின் கடமை. வெளிர் மஞ்சள் அல்லது செம்மஞ்சள் நிற மேற்சட்டை அணிவதும், தனித்தனியே மௌனமாகச் செல்லாமல் பேசிக்கொண்டு செல்வதும் சிறு செலவில் பெரும் பாதுகாப்பு.

துப்பாக்கி வைத்திருப்பவரும் இக்கட்டுரையைப் படிக்கக்கூடும். அவருக்குச் சொல்வது சுருக்கமே. முழு உருவையும் காணாமல் ஓசைக்குச் சுடாதீர். குறியின் பின்னே மண்மேடு இல்லையேல், குறி எத்துணை நன்றாகத் தெரிந்தாலும் சுடாதீர்; மேட்டின் உச்சியில் வானத்தைப் பின்னணியாகக் கொண்டு நிற்கும் விலங்கை ஒருபோதும் சுடாதீர். கால்வாய் தாண்டும்போதும் வாகனத்தில் ஏறும்போதும் தோட்டாவை எடுத்துவிடுங்கள். காயம்பட்ட பன்றியைப் புதருக்குள் தொடர்ந்து போகாதீர். ஆண்பன்றியின் தந்தம் கீழிருந்து மேலாகக் கிழிக்கும். பெரும்பாலும் தொடையில் படும். தொடைக் குருதிக்குழாய் அறுந்தால் சில நிமிடங்களே அவகாசம். தூய துணியை மடித்துக் காயத்தின்மேல் வைத்துக் கையால் இறுக அழுத்திப் பிடித்தபடியே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். மஞ்சளும் காப்பித்தூளும் அப்புவதால் பயனில்லை.

சட்டம் சொல்வது

தோட்டப்புறமும் துப்பாக்கியும் என்றவுடன் நம் முதியோர்க்கு அவசரகாலம் நினைவுக்கு வரும். 1948 ஜூன் முதல் 1960 ஜூலை 31 வரை நீடித்த அக்காலத்தில், உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருந்தவருக்கு மரண தண்டனையே விதிக்க இடமிருந்தது. அந்தக் கடுமை இன்று அப்படியே இல்லையெனினும், துப்பாக்கி பற்றிய நம் நாட்டுச் சட்டம் இன்றும் தளர்வானதன்று. 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி, காவல்துறை வழங்கும் உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருத்தல் குற்றம். காற்றுத் துப்பாக்கியும் இச்சட்டத்தில் ஆயுதமே. அணில் சுடத்தானே என்று அதை வாங்கி வைத்துக்கொள்வோர் இதனை அறிய வேண்டும். 1971-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் குற்றங்களுக்கான கூடுதல் தண்டனைச் சட்டப்படி, சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருப்பவருக்குப் பதினான்கு ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் கிடைக்கலாம். இரும்புக் குழாயைக் கொண்டு பட்டறையில் செய்த நாட்டுத் துப்பாக்கிக்கும் இது பொருந்தும். அத்துப்பாக்கி சுடுபவரின் முகத்திலேயே வெடிக்கும் இடரும் உண்டு.

உரிமம் ஆளுக்குரியது. அண்ணன் பெயரில் உள்ள துப்பாக்கியைத் தம்பி எடுத்துச் செல்ல முடியாது. ‘ஒரு இரவுக்கு மட்டும்’ என்று நண்பர் தந்தாலும், தந்தவரும் வாங்கியவரும் சிக்கலுக்கு உள்ளாவர்.

துப்பாக்கி உரிமம் இருந்தால் எந்த விலங்கையும் சுடலாம் என்பதும் இல்லை. வனவிலங்குப் பாதுகாப்பு 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருகிறது. 1972-ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்கு மாற்றாக வந்தது இது. காட்டுப்பன்றி, முள்ளம்பன்றி இரண்டுமே வேட்டையாட உரிமம் தேவைப்படும் விலங்குகள். அதனை வழங்குவது பெர்ஹிலித்தான் என்று நாம் சுருக்கமாக அழைக்கும் வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறை. பயிருக்குப் பெருஞ்சேதம் விளைவிக்கும் விலங்கை, விரட்டும் முயற்சிகள் யாவும் பலிக்காதபோது நிலத்துக்கு உரியவர் கொல்ல சட்டம் இடம் தருகிறது. கொன்றதைத் துறைக்கு அறிவிக்கவும் வேண்டும். நிலத்துக்கு உரியவர் என்பது தோட்ட நிருவாகமே அன்றி அங்கு வேலை செய்யும் நாம் அல்லர். இந்த வேறுபாட்டை அறியாமல் ‘தோட்டத்துக்கு நன்மைதானே செய்தேன்’ என்று நீதிமன்றத்தில் நிற்பது வீண்.

கண்ணி வைப்பது துப்பாக்கியைவிட எளிது, ஓசையும் இல்லை என்று நினைப்பவர் உளர். கம்பிக்கண்ணி சட்டத்தால் தடுக்கப்பட்டது. பெருந்தண்டமும் சிறையும் உண்டு. கண்ணிக்கு ஆள் தெரியாது, விலங்கும் தெரியாது. பன்றிக்கு வைத்த கண்ணியில் புலியின் கால் அகப்பட்டு அழுகிய நிகழ்ச்சிகள் உண்டு. தீபகற்பக் காடுகளில் இன்று எஞ்சியுள்ள மலாயாப் புலிகள் 150-க்கும் குறைவு என்று 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பு காட்டியது. பன்றியைத் தின்று அதன் தொகையைக் கட்டுக்குள் வைத்திருந்ததே புலிதான். இன்னும் கொடியது, வீட்டு மின்சாரத்தைக் கம்பியில் பாய்ச்சி நிலத்தைச் சுற்றிக் கட்டுவது. அதில் விடியற்காலை நடந்து வரும் மனிதர் கால் வைத்தால் உயிர் மிஞ்சாது.

பன்றி ஏன் பெருகிற்று

நம் மாநிலத்திலேயே ஜெலுபு மாவட்டத்தில், சிம்பாங் பெர்த்தாங் அருகே, பாசோ காப்புக்காடு இருக்கிறது. உலக ஆராய்ச்சியாளர் நன்கறிந்த காடு அது. அங்கே 1990-களில் காட்டுப்பன்றிகளை எண்ணிப் பார்த்தனர். 1996-இல் ஒரு சதுரக் கிலோமீட்டருக்கு 47, 1998-இல் 27 என்று கணக்காயிற்று. இத்தகைய மழைக்காட்டில் இது இயல்பை மிக மிஞ்சிய தொகை. காரணம் இரண்டு கூறப்பட்டது: புலி முதலிய ஊனுண்ணிகள் அருகிவிட்டன, காட்டைச் சூழ்ந்துள்ள செம்பனைத் தோட்டங்களில் உதிரும் பழம் ஆண்டு முழுதும் தீராத உணவாகிறது. பன்றி பகலில் காட்டிலும் இரவில் தோட்டத்திலும் இருந்துகொண்டு இரண்டிலும் வாழ்கிறது. குட்டி போடுமுன் தாய்ப்பன்றி இளமரக்கன்றுகளை ஒடித்துக் கூடு கட்டும். ஒரு கூட்டுக்கு 200-க்கும் மேற்பட்ட கன்றுகள் ஒடிபட்டதை அங்கே எண்ணியிருக்கின்றனர். ரப்பரை வெட்டிச் செம்பனை வைத்த தோட்டங்களின் நடுவே எஞ்சி நிற்கும் ரப்பர் நிலத்துக்கு ஏன் பன்றி வருகிறது என்பதற்கு இதில் விளக்கம் கிடைக்கிறது. ஒரு ஈற்றில் நான்கு முதல் எட்டுக் குட்டி வரை போடும் விலங்கை, மாதம் ஓரிரண்டு சுடுவதால் குறைத்துவிட முடியாது.

முள்ளம்பன்றியின் நிலை இதற்கு நேர்மாறு. அது ஒரு ஈற்றில் ஒன்றோ இரண்டோ குட்டிதான் ஈனும். அதன் வயிற்றில் சில வேளை உண்டாகும் கல்லுக்கு மருந்துக் குணம் உண்டென்று நம்பிப் பெரும்பணம் கொடுப்போர் இருப்பதால், சேதமே செய்யாத இடத்திலும் அதனை வேட்டையாடுகின்றனர். இளங்கன்றைச் சுற்றிக் கம்பிவலையோ கெட்டியான பிளாஸ்டிக் தகடோ முழங்கால் உயரத்துக்குச் சுற்றி, அடியை ஒரு சாண் மண்ணில் புதைத்துவிட்டால் முள்ளம்பன்றி அண்டாது. பட்டை தடித்துக் கடினப்படும் வரை, அதாவது முதல் இரண்டு மூன்று ஆண்டுகள், இக்காப்பு இருந்தால் போதும். கன்றைச் சுற்றிக் களை மண்டாமல் வைத்திருப்பதும் உதவும். மறைவில்லாத இடத்தில் நின்று கடிக்க அது அஞ்சும். இதில் துப்பாக்கிக்கு வேலையே இல்லை என்பது நம் கருத்து. பன்றிக்கோ, உள்ளங்கையளவு நிலமாயின் வேலியும், பெரிய நிலமாயின் சூரிய ஒளியில் இயங்கும் முறையான மின்வேலியும் நல்லவை. இம்மின்வேலியின் அதிர்வு நொடிப்பொழுதே நின்று விலகுவது; வீட்டு மின்சாரத்தைப்போல் பிடித்துக்கொள்வதன்று.

இறைச்சி பற்றிச் சில

சுடப்பட்ட பன்றி பெரும்பாலும் லயத்தில் பங்கிடப்படுகிறது. இதனை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. 1998-99-இல் நம் மாநிலத்துச் சுங்கை நீப்பா, புக்கிட் பெலாண்டோக் பகுதிகளைப் பன்றி வளர்ப்போர் மறந்திருக்க மாட்டார். பழந்தின்னி வௌவாலிடமிருந்து வளர்ப்புப் பன்றிக்கும் அதனிடமிருந்து மனிதருக்கும் தொற்றிய அந்நோயால் நாட்டில் 265 பேர் நோயுற்று, 105 பேர் மாண்டனர். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. நீப்பா என்ற அக்கிராமத்தின் பெயரே உலக மருத்துவ நூல்களில் நோயின் பெயராகிவிட்டது. அது வளர்ப்புப் பன்றியால் வந்ததே அன்றி வேட்டையால் வந்ததன்று. எனினும் நோயுற்ற பன்றியின் குருதியையும் சுரப்பையும் வெறுங்கையால் தொடுவது எத்தகையது என்பதை அது காட்டிற்று.

ஆகவே அறுப்பவர் கையுறை அணிய வேண்டும். கையில் வெட்டுக்காயம் உள்ளவர் அப்பணியை வேறொருவருக்கு விடவேண்டும். பன்றியின் சிறுநீரிலும் எலியின் சிறுநீரிலும் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கக்கூடும். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண்சிவப்பும் கண்டால், மருத்துவரிடம் ‘நான் பன்றி அறுத்தேன்’ என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். தசையில் சுருண்டு கிடக்கும் புழு அரைவேக்காட்டில் சாகாது. துண்டின் நடுப்பகுதியிலும் செந்நிறம் மறையும் வரை வேக வேண்டும். ஈயக் குண்டு பாய்ந்த இடத்தைச் சுற்றியுள்ள இறைச்சியைக் கையகலத்துக்கு வெட்டி எறிந்துவிட வேண்டும், குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் ஈயம் நஞ்சு.

குடலையும் தோலையும் ஓடையிலோ கால்வாயிலோ எறிவது பெருந்தவறு. அந்த ஓடையின் கீழ்ப்பகுதியில் மலாய்க் கம்பம் இருக்கும். அவர்கள் அந்நீரில்தான் புழங்குவர். அண்டை வீட்டாரின் சமயத்துக்கும் மனத்துக்கும் நாம் காட்டும் மரியாதை இது. மூன்றடி ஆழத்தில் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைப்பதற்கு இருவருக்கு அரைமணி நேரம் போதும்.

சுடாமலே பன்றி செத்துக் கிடப்பதைக் கண்டால் அதைத் தொடவே கூடாது. ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் 2021-இல் முதலில் சபாவிலும் பின்னர் தீபகற்பத்திலும் கண்டறியப்பட்டது. அது மனிதரைத் தாக்குவதில்லை. ஆயினும் காலணியிலும் கத்தியிலும் வாகனச் சக்கரத்திலும் ஒட்டிச் சென்று, பன்றி வளர்ப்போரின் பிழைப்பை ஒரே வாரத்தில் அழிக்கவல்லது. செத்த பன்றி கிடந்த நிரையின் எண்ணைக் குறித்துக்கொண்டு, தோட்ட அலுவலகத்தின் வழியாகவோ நேராகவோ மாவட்டக் கால்நடைச் சேவைத் துறைக்குத் தெரிவித்தால், அவர்களே வந்து மாதிரி எடுத்து, உடலைப் புதைக்கும் முறையையும் சொல்வார்கள்.